சைனஸ் லிஃப்டுக்கு எந்த எலும்புத்தூள்? சம்மதக் கையெழுத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிப் பல வருடம் கழித்து இம்பிளாண்ட் (தாடை எலும்பில் ஊன்றும் செயற்கைப் பல்வேர்) வைக்கப் போகிறவர்களில் பலர் ஒரே கேள்வியோடுதான் எனக்கு எழுதுகிறார்கள். "எலும்பு போதவில்லை, சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத்தூள் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஒருவர் மாட்டெலும்புத் தூள்தான் நல்லது என்கிறார். இன்னொருவர் செயற்கைத் தூளே போதும் என்கிறார். மூன்றாமவர் உங்கள் தாடையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எதற்குச் சம்மதிப்பது?" கையில் மூன்று மதிப்பீட்டுச் சீட்டுகள் இருக்கும். மூன்றிலும் தொகை வேறு வேறாக இருக்கும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அறுவை சிகிச்சையைச் செய்துவருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்பிளாண்ட் நிலைக்குமா என்பதில் தூளின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எத்தனை மாதம் காத்திருப்பீர்கள், உடம்பில் எத்தனை இடத்தில் காயம் படும், எந்த உயிரின் எலும்பு உங்கள் தாடைக்குள் தங்கும், எவ்வளவு பணம் போகும் என்பவற்றில் அதன் பங்கு மிகப் பெரிது. இந்த நான்கையும் நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்களை இங்கே வைக்கிறேன்.

## உள்ளே என்ன நடக்கிறது

மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே, கன்னத்து எலும்புக்குள், காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. அதுதான் சைனஸ். வளர்ந்தவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 12 முதல் 15 மி.லி. பல் போனதும் எலும்பு இரண்டு பக்கமிருந்தும் குறையத் தொடங்கும். கீழே ஈறுமேடு கரைகிறது, மேலே சைனஸ் அறை தாழ்ந்து இறங்குகிறது. பத்து வருடம் பல் இல்லாமல் விட்டவருக்கு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கும். அதில் இம்பிளாண்ட் நிற்காது.

சைனஸின் உள்சுவரை ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. சாதாரணமாக அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கன்னத்துப் பக்க எலும்பில் சிறு ஜன்னல் திறக்கும்போது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் அது தெரியும். நோயாளி மூச்சு இழுத்து விடும்போதெல்லாம் அந்தச் சவ்வு உள்வாங்கி, வெளியே புடைக்கும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். பச்சை முட்டையின் ஓட்டை மட்டும் சுரண்டி எடுத்து, உள்தோல் கிழியாமல் பிரிக்கப் பழகிய பிறகே அவர்களை இதன் அருகில் விடுவது வழக்கம். அந்தச் சவ்வை மெல்ல மேலே தூக்கி, கீழே உண்டாகும் இடைவெளியில் எலும்புத்தூளை நிரப்புவதே சைனஸ் லிஃப்ட். நிரப்பும் பொருளை எலும்பு ஒட்டு என்போம்.

1970களில் அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் என்ற பல் மருத்துவர் இதைச் செய்யத் தொடங்கினார். 1980இல் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, நிரப்பப் பயன்பட்டது நோயாளியின் இடுப்பெலும்பு. அதற்கு மாற்றுத் தேடிய பயணத்தில்தான் இன்று நம் முன் இருக்கும் இத்தனை புட்டிகளும் பொட்டலங்களும் வந்தன.

## தூளுக்கு முன் மில்லிமீட்டர்

எந்தத் தூள் என்று கேட்பதற்கு முன், சி.பி.சி.டி. ஸ்கேனை (தாடையின் முப்பரிமாண எக்ஸ்-ரே) திரையில் காட்டச் சொல்லி, பல் போன இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்று கேளுங்கள்.

எட்டு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் எலும்பு ஒட்டே தேவைப்படாது. ஐந்து முதல் எட்டுக்குள் இருந்தால், இம்பிளாண்டுக்காகப் போடும் துளை வழியாகவே சவ்வைச் சற்று உயர்த்தலாம். 1994இல் சம்மர்ஸ் என்பவர் விவரித்த முறை இது. இதற்குத் தூள் கொஞ்சம்தான் வேண்டும், சில சமயம் வேண்டியதே இல்லை. நான்கு, ஐந்துக்குக் கீழே போனால் கன்னத்துப் பக்கம் ஜன்னல் திறந்தாக வேண்டும். முதலில் எலும்பை வளர்த்து, மாதங்கள் கழித்து இம்பிளாண்ட் வைப்பது என்று பெரும்பாலும் இரண்டு கட்டமாகிவிடும்.

இந்த மூன்றாவது கூட்டத்தாருக்குத்தான் கீழே வரும் ஒப்பீடு முழுமையாகப் பொருந்தும். ஏழு மில்லிமீட்டர் எலும்பு உள்ளவருக்கு இரண்டு கிராம் தூள் என்று சீட்டு எழுதியிருந்தால், வேறொரு மருத்துவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எலும்பு ஒட்டு என்பது எலும்பாகவே ஆகிவிடும் பொருள் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் எலும்பை வளர்ப்பது உங்கள் உடம்பு. பாகற்கொடி வளர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதை வேண்டும், எரு வேண்டும், கொடி படரப் பந்தல் வேண்டும். உயிருள்ள எலும்புச் செல்கள் விதை. செல்களைத் தூண்டும் புரதங்கள் எரு. துகள்களுக்கு இடையே ரத்தக்குழாயும் புதிய எலும்பும் படர இடம் தரும் சட்டகம் பந்தல். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான தூள்கள் வெறும் பந்தல்தான். விதையும் எருவும் சைனஸின் தரையிலும் சுவரிலும் உள்ள உங்கள் எலும்பிலிருந்து, உங்கள் ரத்தத்தின் வழியாக வந்தாக வேண்டும்.

இதை மனத்தில் வைத்து ஐந்து கேள்விகள் கேட்கலாம். விதை, எரு, பந்தல் மூன்றில் எது இதில் இருக்கிறது? மூச்சுக் காற்று மேலிருந்து ஓயாமல் அழுத்தும்போது, வைத்த உயரம் எத்தனை மாதம் அப்படியே நிற்கும்? இம்பிளாண்டுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? உடம்பில் இன்னோர் இடத்தில் வெட்ட வேண்டுமா? எதிலிருந்து செய்தது? விலையை ஆறாவதாகச் சேர்க்கலாம். அதற்குள் ஒளிந்திருக்கும் செலவுகளைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

## உங்கள் சொந்த எலும்பு

விதை, எரு, பந்தல் மூன்றும் சேர்ந்து கிடைப்பது இதில் மட்டும்தான். உடம்பு ஏற்குமா என்ற கேள்வியும் இல்லை. நான்கு முதல் ஆறு மாதத்தில் இம்பிளாண்ட் வைத்துவிடலாம். நெடுங்காலம் இதைத் தங்கத்துக்கு ஒப்பாகச் சொல்லிவந்தோம்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. மோவாயிலிருந்து எடுத்தால் உதடும் கீழ் முன்பற்களும் மாதக்கணக்கில் மரத்துப்போகலாம், சிலருக்கு அது முழுதாகத் திரும்பாது. கீழ்த்தாடையின் பின்மூலையிலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கன்னம் நன்றாக வீங்கும். இடுப்பெலும்பு என்றால் முழு மயக்கம், மருத்துவமனைச் சேர்க்கை, சில நாட்களோ வாரங்களோ சாய்ந்து சாய்ந்து நடை. ஒன்றிரண்டு பல்லுக்காக இடுப்பைத் தொடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் எலும்பே இல்லாமல் போனவர்களுக்கும், விபத்திலோ கட்டி அகற்றியதிலோ தாடையை இழந்தவர்களுக்கும் அது வேறு கணக்கு.

இன்னொரு குறை பலருக்குத் தெரியாது. சொந்த எலும்பு வேகமாகக் கரையும். தனியாக வைத்தால் முதல் ஆண்டிலேயே உயரம் கணிசமாகக் குறைந்துவிடும். 2004இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, சொந்த எலும்பு மட்டும் வைத்த இடங்களில் இம்பிளாண்ட் நிலைத்த விகிதம் ஏறத்தாழ 88 சதவீதமாகவும், மாற்றுப் பொருள்கள் வைத்த இடங்களில் ஏறத்தாழ 96 சதவீதமாகவும் இருந்தது. இதைப் பார்த்துச் சொந்த எலும்பு தாழ்ந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தக் கணக்கில் இருந்த பழைய நோயாளிகளில் பலருக்கு வைத்தது வழவழப்பான மேற்பரப்புள்ள அந்தக் கால இம்பிளாண்டுகள். ஆனாலும், "சொந்த எலும்பு இல்லாவிட்டால் நிற்காது" என்று யாராவது சொன்னால் அது இன்றைய நிலவரம் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

நான் செய்வது நடுவழி. ஜன்னல் திறக்கும்போது அந்தச் சுவரைத் துளைப்பானால் தூளாக்கிக் கழுவி வீணாக்காமல், சுரண்டும் கருவியால் சீவி எடுத்தால் ஒரு சிறு கரண்டி அளவு எலும்புச் சீவல் கிடைக்கும். புதிய காயம் எதுவும் இல்லை. அதை வேறொரு தூளோடு கலந்தால் பந்தலுக்குள் விதை விழுந்துவிடுகிறது. உங்கள் மருத்துவரிடம் இது முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். செலவில்லாத உதவி.

## தானமாக வந்த மனித எலும்பு

இறந்தவர்களின் உறுப்புத் தானத்திலிருந்தும், இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றிய எலும்பிலிருந்தும் இது வருகிறது. தானம் செய்தவரின் ரத்தத்தை எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குச் சோதித்து, எலும்பைச் சுத்தம் செய்து, உறைய வைத்து உலர்த்தி, காமாக் கதிர் காட்டிக் கிருமி நீக்கித் தருகிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இந்தப் பணியைச் செய்கிறது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் வரம்புக்குள் 2011 திருத்தத்தில் திசுக்களும் வந்தன. ஆகவே, தூள் எந்தத் திசு வங்கியிலிருந்து வந்தது, அதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இதில் இரண்டு வகை. தாதுப்பு (கால்சியம் போன்ற கனிமம்) நீக்கியது, நீக்காதது. நீக்கியதில் எருவின் குணம் சற்று அதிகம், ஆனால் மென்மையாகி விரைவில் கரைந்துவிடும். சைனஸில் உயரம் நிற்க வேண்டும் என்பதால் தாதுப்பு நீக்காத வகையையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏறத்தாழ ஆறு மாதக் காத்திருப்பு. விலங்கு எலும்பு வேண்டாம், இரண்டாம் காயமும் வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி. "இறந்தவர் எலும்பா?" என்று மனம் ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்துவது தவறு.

## மாட்டெலும்பு, பன்றியெலும்பு

உலகில் சைனஸ் லிஃப்டுக்கு அதிகம் ஆராயப்பட்ட பொருள் மாட்டெலும்புத் தூள்தான். சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ் அவற்றில் பெயர் பெற்றது. எலும்பிலிருந்து புரதம், கொழுப்பு, செல் அனைத்தையும் உயர்வெப்பத்தாலும் காரத்தாலும் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது கனிமச் சட்டகம் மட்டுமே. அதாவது சுத்தமான பந்தல். அதன் நுண்துளைகள் மனித எலும்பின் துளைகளைப் போலவே இருப்பதால் ரத்தத்தை நன்றாக உறிஞ்சும். கிண்ணத்தில் வெள்ளை மணலாகக் கிடக்கும் தூளில் நோயாளியின் ரத்தத்தைச் சில சொட்டு விட்டால், நொடிகளில் சிவந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஈர மணலைப் போல் ஆகிவிடும்.

இதன் பெரிய பலம் மெதுவாகக் கரைவது. பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்த்த மாதிரிகளிலும் துகள்கள் புதிய எலும்பால் சூழப்பட்டு அப்படியே இருந்திருக்கின்றன. ஆகவே உயரம் நிற்கும். இதே குணம்தான் பலவீனமும். முழுவதும் உங்கள் எலும்பாக மாறிவிடாது, காத்திருப்பும் ஆறு முதல் ஒன்பது மாதம். சவ்வு கிழிந்து துகள்கள் சைனஸுக்குள் போய்விட்டால் அவை தாமாகக் கரைந்து போகவும் செய்யாது.

பன்றியெலும்புத் தூளும் இதே போன்றதுதான், சில தயாரிப்புகளில் கொலாஜன் என்ற புரதமும் கலந்திருக்கும்.

இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், வாழ்நாள் முழுவதும் சைவ உணவுக்காரர். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து, நாங்கள் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். தூள் பொட்டலத்தின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தது. பேரன் படித்துச் சொல்லியிருக்கிறான். "இது மாட்டிலிருந்து எடுத்ததாமே, டாக்டர்? நிஜமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சம்மதப் படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். கையெழுத்தும் போட்டிருந்தார். நான் வாயால் சொல்லவில்லை. எலும்போடு ஒட்டத் தொடங்கிய ஒன்றை எடுக்கவும் முடியாது.

அன்றிலிருந்து, திட்டம் பேசும் நாளிலேயே பொட்டலத்தை மேசையில் வைத்து, இது மாடு, இது பன்றி, இது மனிதர், இது சூளையில் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். மாடு ஆகாதவர்கள், பன்றி ஆகாதவர்கள், எந்த உயிரும் ஆகாதவர்கள் மூவருக்கும் நம்மிடம் மாற்று இருக்கிறது. பிறகு தெரிந்து வருந்துவதற்கு மட்டும் மாற்று இல்லை.

## செயற்கைத் தூள்

கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்த்துச் சூளையில் சுட்டு எடுப்பவை. ஹைட்ராக்சி அபடைட் மெதுவாகக் கரையும். ட்ரை கால்சியம் பாஸ்பேட் விரைவாகக் கரைந்து எலும்புக்கு இடம் விடும். இரண்டையும் 60க்கு 40 என்ற விகிதத்தில் கலந்து தருவது பரவலாக இருக்கிறது. ஒன்று உயரத்தைத் தாங்கிப்பிடிக்க, மற்றது வழிவிடும். உயிர்க்கண்ணாடி (எலும்போடு ஒட்டும் ஒருவகைக் கண்ணாடி) என்று இன்னொரு குடும்பம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் ஹைட்ராக்சி அபடைட்டையும் உயிர்க்கண்ணாடியையும் சேர்த்து எலும்பு நிரப்பும் பொருளை உருவாக்கியிருக்கிறது. நம் நாட்டிலேயே தயாராவதால் இறக்குமதித் தூளைவிட விலை குறைவாகக் கிடைக்கும் வகைகள் பல.

நோய் பரவும் பேச்சுக்கே இடமில்லை, உணவு நெறி பற்றிய தயக்கமும் இல்லை. காத்திருப்பு ஆறு முதல் ஒன்பது மாதம். இதுவும் பந்தல் மட்டுமே என்பதால், சுவரிலிருந்து சீவிய சொந்த எலும்பைக் கொஞ்சம் கலக்கும்போது எனக்கு மனநிறைவு அதிகம். ட்ரை கால்சியம் பாஸ்பேட்டைத் தனியாக வைப்பதில் தயக்கம் உண்டு. சிலருக்கு எலும்பு வளரும் முன்னே பந்தல் சரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ஹைட்ராக்சி அபடைட் என்று போட்டிருந்தாலே அது செயற்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாட்டெலும்பைச் சுட்டாலும் கிடைப்பது ஹைட்ராக்சி அபடைட்தான். பவளத்திலிருந்தும் செய்கிறார்கள். "செயற்கையாகத் தயாரித்தது" என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். தூள் செயற்கையாக இருந்தாலும், ஜன்னலை மூடவும் கிழிந்த சவ்வை ஒட்டவும் வைக்கும் கொலாஜன் தாள் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. அதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேட்டதாகும்.

## ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.எஃப்.

பி.ஆர்.எஃப். என்றால் பிளேட்லெட் செறிந்த ஃபைப்ரின், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள் செறிந்த கட்டி. 2001இல் பிரான்சில் ஷூக்ரூன் என்ற மருத்துவர் விவரித்தது. உங்கள் கையிலிருந்து சில குழாய் ரத்தம் எடுத்து, மருந்து எதுவும் சேர்க்காமல் சுழற்றினால், நடுவில் மஞ்சள் ஜெல்லி போன்ற கட்டி படியும். அதை அழுத்தினால் மெல்லிய தாள் ஆகிறது. கொலாஜன் தாளுக்கு மாற்றாக இது அருமை. ஈறு ஆறுவதற்கும் உதவுகிறது. ஆனால் தூளோடு இதைக் கலந்தால் எலும்பு இரு மடங்கு வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை.

## எலும்பு தூண்டும் புரதம்

ஆர்.எச்.பி.எம்.பி.-2 என்ற புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து வைக்கும் முறைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007இல் சைனஸ் லிஃப்டுக்கு அனுமதி தந்தது. எரு மட்டும் கொண்டது. முகம் நன்றாக வீங்கும், விலை மிக அதிகம், புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. சாதாரணமாக ஒன்றிரண்டு பல்லுக்கு இது தேவைப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

## எதுவும் வைக்காமல்?

இதுவும் ஒரு தேர்வுதான். ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பு இருந்தால், சவ்வை உயர்த்தி, இம்பிளாண்டையே கூடாரக்கம்பாக நிறுத்தி, கீழே சேரும் ரத்தக்கட்டியை எலும்பாக விடலாம். ஸ்வீடனின் லுண்ட்கிரென் குழுவினர் 2004இல் இதை வெளியிட்டார்கள். கூடும் உயரம் சில மில்லிமீட்டர்தான், அது போதும் என்றால் தூள் செலவே இல்லை. ஆறு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் நீளக் குட்டை இம்பிளாண்டுகளும் இருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட திறனாய்வு, எலும்பு ஓரளவு இருப்பவர்களுக்குக் குட்டை இம்பிளாண்ட் ஏற்கத்தக்க மாற்று என்ற பக்கமே சாய்கிறது. ஒட்டுப் பொருள்களில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று அதனால் சொல்ல முடியவில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு அடித்தளம் அதுதான்.

| பொருள் | உடம்பில் இன்னொரு காயம் | இம்பிளாண்டுக்குக் காத்திருப்பு | உயரம் நிற்குமா | மூலம் |
|---|---|---|---|---|
| சொந்த எலும்பு | உண்டு (ஜன்னல் சுவரைச் சீவினால் இல்லை) | 4–6 மாதம் | வேகமாகக் குறையும் | நீங்கள் |
| தான எலும்பு | இல்லை | சுமார் 6 மாதம் | நடுத்தரம் | மனிதர் |
| மாடு, பன்றி | இல்லை | 6–9 மாதம் | மிக நன்றாக | விலங்கு |
| செயற்கைக் கலவை | இல்லை | 6–9 மாதம் | நன்றாக | சூளை |
| தூள் இல்லாமல் | இல்லை | இம்பிளாண்ட் உடனே, பல் சுமார் 6 மாதத்தில் | சில மி.மீ. மட்டும் | உங்கள் ரத்தம் |

## யாருக்கு எது

வளைகுடாவிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "சீக்கிரம் ஆறும் தூள் எது?" என்பது. நான் அவர்களுக்குச் சொல்வது நேர் எதிரானது. இந்த விடுப்பில் எலும்பு ஒட்டு, அடுத்த விடுப்பில் இம்பிளாண்ட் என்றால் நடுவில் ஏறத்தாழ ஒரு வருடம். சொந்த எலும்பும், தாதுப்பு நீக்கிய தான எலும்பும், ட்ரை கால்சியம் பாஸ்பேட்டும் அதற்குள் சுருங்கிவிடலாம். மெதுவாகக் கரையும் மாட்டெலும்பு அல்லது ஹைட்ராக்சி அபடைட் மிகுந்த செயற்கைத் தூள் அவர்களுக்காகவே பொறுமையாகக் காத்திருக்கும். அறுவை சிகிச்சையை விடுப்பின் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது விமானம் ஏறக் கூடாது.

உள்ளூரிலேயே இருப்பவர், ஒரு பல், மூன்று மில்லிமீட்டர் எலும்பு, கையில் பணம் அளவாக இருக்கிறது என்றால் செயற்கைக் கலவையும் சீவிய சொந்த எலும்பும் போதும். எந்த விலங்குப் பொருளும் வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைத் தூளும் கொலாஜன் தாளுக்குப் பதில் பி.ஆர்.எஃப். தாளும். மேல்தாடை முழுவதும் பல் இழந்து, இரு பக்கமும் எலும்பே இல்லாதவர்கள் தூள் பற்றிப் பேசும் முன், சைனஸைத் தொடாமல் சாய்த்து வைக்கும் இம்பிளாண்டுகளும் கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்பிளாண்டுகளும் தமக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும்.

புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள், மூக்கடைப்பும் சைனஸ் தொல்லையும் உள்ளவர்கள் ஆகியோருக்கு எந்த விலையுயர்ந்த தூளும் கைகொடுக்காது. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

## சீட்டில் எழுதாத செலவுகள்

தூளின் விலையைக் கேட்கும்போது எத்தனை கிராம் என்றும் கேளுங்கள். மாட்டெலும்புத் தூளில் அரை கிராம் பொட்டலம் ஏறத்தாழ ஒரு சி.சி. இடத்தை நிரப்பும். ஒரு பல்லுக்கு ஒன்றிரண்டு சி.சி. போதலாம், இரண்டு மூன்று பல் என்றால் அது இரு மடங்காகும். மேசையில் இரண்டாவது பொட்டலம் பிரித்தால் அது யார் கணக்கு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கொலாஜன் தாளுக்குத் தனி விலை. மாதங்கள் கழித்து இரண்டாவது ஸ்கேன் எடுக்க வேண்டும். இடைக்காலத்தில் கழற்றி மாட்டும் பல் தேவைப்பட்டால் அதற்கும் தனி. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் இம்பிளாண்ட் சேராது, இதுவும் சேராது.

பெரிய செலவு, சவ்வு கிழிவது. வெளிவந்த ஆய்வுத் தொகுப்புகளின்படி ஏறத்தாழ ஐந்தில் ஓர் அறுவை சிகிச்சையில் கிழிகிறது. சிறிய கிழிசலைத் தாள் வைத்து மூடிவிட்டுத் தொடரலாம். பெரியது என்றால் தூள் வைக்காமல் தைத்து அனுப்பிவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி திறப்பதே நேர்மையான வழி. அப்போது கட்டணம் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கிருமி தொற்றினால் வைத்த தூள் முழுவதையும் வழித்து எடுக்க நேரலாம், அது எந்தத் தூளாக இருந்தாலும்.

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சுகுழல் போட்டு இளநீர் குடிக்கக் கூடாது. கனமான பொருள் தூக்குகிற வேலை, நாதஸ்வரம் ஊதுகிற வேலை என்றால் விடுப்பு எடுத்தாக வேண்டும். அந்தக் கூலியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பொட்டலத்தின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர், தொகுப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் உங்கள் ஸ்கேனில் வெள்ளைத் துகள்களைப் பார்த்து இது என்ன என்று கேட்கும்போது அதுதான் பதில் சொல்லும்.

அந்த ஆசிரியைக்கு இரண்டு ஆண்டு கழித்து மறுபக்கமும் செய்ய வேண்டியிருந்தது. என்னிடமே வந்தார். இந்த முறை பெட்டியைத் தாமே கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். செயற்கை என்ற சொல் வந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். "தாள்?" என்று கேட்டார். கொலாஜன் தாளை எடுத்து வைத்துவிட்டு, ரத்தம் எடுக்கும் குழாய்களைக் காட்டினேன். சேலை முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினார்.